வளையைப் படியுங்கள், பிறகு மருந்தை வாங்குங்கள்

உழவர் கூட்டங்களில் பேசி முடித்து "கேள்வி இருந்தால் கேளுங்கள்" என்று சொன்னால், பெரும்பாலும் முதலில் வருவது இந்தக் கேள்விதான்: "எலிக்கு என்ன மருந்துங்க வைக்கலாம்?" மருந்தின் பெயரைச் சொன்னால் கேட்டவர் திருப்தியாக உட்கார்ந்துவிடுவார். நான் பெயரைச் சொல்வதற்கு முன் வேறொன்று கேட்பது வழக்கம். "வளை எப்படி இருக்கிறது? எந்த இடத்தில் இருக்கிறது? வாயில் மண் கிடக்கிறதா?" பலரால் இதற்கு உடனே பதில் சொல்ல முடிவதில்லை. வளையைப் பார்த்திருப்பார்கள், ஆனால் உற்றுக் கவனித்திருக்க மாட்டார்கள்.

மண்ணுக்குள் இருந்து பயிரைக் கெடுக்கும் உயிர்கள் நம் கண்ணில் படுவதில்லை. அவை விட்டுச்செல்லும் துளை, மண், கடித்த தண்டு, வாடிய செடி ஆகியவைதான் சாட்சி. அந்தச் சாட்சியை விசாரிக்காமல் கடைக்குப் போவதால்தான் பணமும் போகிறது, பயிரும் போகிறது. சில நேரங்களில் உயிரும் போகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இது கூடுதலாகப் பொருந்தும். கல்லணைக் கால்வாயின் கடைமடையான அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கம் நெல் வயல். ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டை பக்கம் செம்மண்ணில் கடலைக் கொல்லை, தென்னை, மலர், காய்கறி. மாவட்டம் முழுக்கக் கண்மாய்கள். ஒவ்வொரு நிலத்திலும் தோண்டுகிற உயிர் வேறு. அதனால் தீர்வும் வேறு.

தோண்டியது யார்?

வரப்பிலோ வாய்க்கால் கரையிலோ 6 முதல் 8 செ.மீ. அகலமுள்ள துளை, அதன் வாயில் புதிதாகத் தள்ளிய மண் குவியல் இருந்தால் அது வரப்பெலி. துளை மூடியிருந்தால் எலி இல்லை என்று எண்ண வேண்டாம். வரப்பெலி பகலில் உள்ளே இருந்தபடியே மண்ணால் வாயை அடைத்துக்கொள்ளும் பழக்கம் உடையது. வயலில் தூர்கள் சாய்வாகச் சீவியதுபோல வெட்டுப்பட்டுக் கிடக்கும். கதிர் வந்த பிறகு தின்பதைவிட வளைக்குள் இழுத்துச் சேர்ப்பது அதிகம். வளையை வெட்டிப் பார்த்தால் கதிர்க்கட்டு கிடைப்பது இதனால்தான்.

கடலைக் கொல்லையின் வேலி ஓரத்திலும் பக்கத்துத் தரிசிலும் துளைகள் இருந்து, அருகில் உடைத்த கடலைத் தோல் சிதறிக் கிடந்தால் பெரும்பாலும் வெள்ளெலி. இரண்டு விரல் நுழையும் அளவு சிறிய துளையும் பொடிப் பொடியான மண்ணும் இருந்தால் வயல் சுண்டெலி. வீட்டுத் தோட்டத்தில் சாக்கடை ஓரம், மதில் அடி, மாட்டுக் கொட்டகை மூலை ஆகிய இடங்களில் கை நுழையும் அளவு பெரிய குழி இருந்தால் பெருச்சாளி.

நீர் நிற்கும் வயலில், தண்ணீர் மட்டத்தை ஒட்டிய துளையும் அதன் வாயில் உருண்டை உருண்டையான ஈர மண்ணும் நண்டின் அடையாளம். நண்டு இளம் நாற்றைத் தரையோடு வெட்டிப் போடும். வரப்பைத் துளைத்துத் தண்ணீரை அடுத்த வயலுக்கு வடியவிடும். இதற்கு எலி மருந்து வைத்துப் பயனில்லை. அகன்ற வாயுள்ள பானையை வரப்போரம் தரைமட்டத்துக்குப் புதைத்து, உள்ளே புளித்த தவிடு போட்டு வைத்தால் இரவில் நண்டுகள் விழும். காலையில் எடுத்துவிடலாம்.

ஈரமான நாற்றங்காலிலும் புல்தரையிலும் மேல்மண் விரல் தடிமனில் வரிவரியாக உப்பிக் கிடந்தால் அது பிள்ளைப்பூச்சி. அந்த இடத்தில் நன்றாகத் தண்ணீர் விட்டால் மேலே ஏறி வரும், பிடித்துவிடலாம். சில பூச்சிகளுக்காகத் தோட்டம் முழுக்க மருந்து தெளிக்கத் தேவையில்லை. புல்தரையில் சேமியா போலச் சுருண்ட மண் குவியல் தெரிந்தால் அது மண்புழுவின் எச்சம். அதை ஒன்றும் செய்யாதீர்கள். உங்களுக்குச் செலவில்லாமல் உரம் போட்டுக்கொண்டிருக்கிறது.

துளையே தெரியாத சேதமும் உண்டு. கடலைச் செடி திட்டுத் திட்டாக வாடுகிறது, பிடித்து இழுத்தால் எளிதாகக் கையோடு வருகிறது, வேர் கடிபட்டிருக்கிறது என்றால் அடியில் தோண்டிப் பாருங்கள். அரைவட்டமாக வளைந்த வெண்மையான புழு கிடைத்தால் வேர்ப்புழு. தண்டின் மேல் மண் பூச்சும், காய்த்தோட்டின் மேல் சுரண்டிய வடுவும் இருந்தால் கரையான். கரையான் சுரண்டிய காயில் பூஞ்சாணம் எளிதில் ஏறும். அதிலிருந்து வரும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு கடலையின் விலையையும் கெடுக்கும், தின்பவர் உடலையும் கெடுக்கும்.

தவறான அடையாளம் தரும் நட்டம்

வேர்ப்புழு விழுந்த கடலைக்கு எலி மருந்தும், எலி தின்ற கடலைக்குக் குருணை மருந்தும் போட்டால் இரண்டுமே வீண். அதிலும் வேர்ப்புழு என்றவுடன் இன்னமும் "போரேட் கிடைக்குமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போரேட் குருணை இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய சரக்கு எங்காவது கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

வேர்ப்புழுவைப் புழுவாக இருக்கும்போது பிடிப்பது கடினம், வண்டாக இருக்கும்போது எளிது. கோடையின் முதல் நல்ல மழைக்குப் பிறகு அந்தி நேரத்தில் தாய் வண்டுகள் மண்ணிலிருந்து வெளிவந்து வேம்பு, முருங்கை போன்ற மரங்களில் இலை தின்ன அமரும். அந்தச் சில நாட்கள் மரத்தடியில் துணி விரித்துக் கிளையை உலுக்கி, விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த நீரில் போட்டால் முட்டையிடும் முன்பே கணக்கு முடிந்துவிடும். கோடை உழவு புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் மேலே கொண்டுவந்து மைனாவுக்கும் கொக்குக்கும் காட்டிக்கொடுக்கும். மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணத்தை மக்கிய தொழுவுரத்தில் கலந்து விதைப்புக்கு முன் இடுவது அடுத்த படி. இவை எதுவும் எலிக்குப் பயன்படாது. எலிக்குச் செய்வது எதுவும் இதற்குப் பயன்படாது. அதனால்தான் முதலில் அடையாளம் என்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. பாம்பு வளை தோண்டுவதில்லை, எலியின் வளையில் குடியேறுகிறது. நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் உள்ளே இருக்கலாம். எந்தத் துளையிலும் கையை விடாதீர்கள். சாரைப்பாம்பு, உடும்பு, கூகை ஆகியவை எலி தின்பவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவையும்கூட. சாரையை அடித்துக் கொன்றுவிட்டு எலிக்கு மருந்து வாங்கப் போவது, காவலாளியை விரட்டிவிட்டுப் பூட்டு வாங்குவது போன்றது.

எலி வளையானாலும் தனி வளை

இந்தப் பழமொழியைச் சொந்த வீட்டின் பெருமைக்காகச் சொல்கிறோம். வரப்பெலியைப் பொறுத்தவரை இது துல்லியமான உயிரியல் உண்மை. வளர்ந்த வரப்பெலிகள் கூட்டமாக வாழ்வதில்லை. குட்டியோடு இருக்கும் தாயைத் தவிர, ஒரு வளைக்கு ஒரு எலிதான். ஒரு வளைக்கு இரண்டு மூன்று வாய்கள் அருகருகே இருக்கலாம். ஆனாலும், உயிருள்ள வளைகளை எண்ணினால் ஊரிலுள்ள எலிகளையே ஏறக்குறைய எண்ணியதாகும்.

எண்ணும் முறை எளிது. மாலையில் வரப்பைச் சுற்றி வந்து எல்லா வளைவாயையும் மண்ணால் அடைத்து மிதித்துச் சமன் செய்யுங்கள். மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். எங்கே வாய் திறந்திருக்கிறதோ, எங்கே புது மண் தள்ளப்பட்டிருக்கிறதோ அதுவே உயிருள்ள வளை. அங்கே ஒரு குச்சி நடுங்கள். மருந்து அந்தக் குச்சிகளுக்கு மட்டும். காலி வளையில் வைத்த மருந்து கோழிக்கும் நாய்க்கும் காத்திருக்கும் ஆபத்து. இந்த வேலைக்கு ஆகும் செலவு ஒரு மாலை, ஒரு காலை, ஒரு மண்வெட்டி.

எப்போது செய்வது?

நம்மில் பலர் எலியை நினைப்பது கதிர் வெட்டுப்பட்ட பிறகு. அப்போது வயல் முழுக்க உணவு. பால் பிடித்த கதிரை விட்டுவிட்டு எலி எதற்குக் குருணையைத் தின்ன வேண்டும்? மேலும், கதிர் வரும் பருவத்தில்தான் எலி பெருகுகிறது. ஒரு பெண் எலி மூன்று வாரம் சுமந்து ஓர் ஈற்றில் ஆறேழு குட்டிகள் போடும். அந்தக் குட்டிகள் சுமார் மூன்று மாதத்தில் தாங்களே ஈனத் தயாராகிவிடும். ஆகவே, ஆடியில் பிடித்த ஒரு தாய் எலி, தையில் பிடிக்கும் பல எலிகளுக்குச் சமம்.

சரியான காலம், வயல் வெறுமையாக இருக்கும் ஆனி, ஆடி. சம்பா விதைப்புக்கு முன் வரப்பு வெளிச்சமாகத் தெரியும், புல் மறைக்காது, எலியும் பசியோடு இருக்கும். கடலைக்கும் அப்படியே. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பார்கள். விதைப்பதற்கு முன் வேலி ஓரத்து வளையையும் தேடுங்கள். அடுத்த வாய்ப்பு நடவுக்குப் பிறகு தூர் கட்டும் வரை. தொண்டைக்கதிர் தொடங்கிய பின் செய்வது ஆறுதலுக்காகச் செய்வது.

வரப்பைச் சீர் செய்வதும் இதே காலத்தில்தான். அகலமும் உயரமும் அதிகமான வரப்பு எலிக்கு மாடி வீடு. சுமார் ஒன்றரை அடி அகலம், ஒரு அடி உயரம் என்று குறுக்கி, புல்லைச் செதுக்கி வைத்தால் அது ஆழமான வளை எடுக்க வசதிப்படாது.

மருந்து வைக்கும் முறை

குறைந்த ஆபத்தோடு பயன்படுத்தக்கூடியது புரோமோடயலோன். 0.25 சதவீத மருந்துத்தூள் என்றால், 960 கிராம் குருணை அரிசியில் 20 மி.லி. சமையல் எண்ணெய் கலந்து, பிறகு 20 கிராம் மருந்தைச் சேர்த்துப் புரட்ட வேண்டும். வெறுங்கையால் தொடக் கூடாது. நஞ்சுக்காக மட்டுமல்ல, மனித வாடை பட்டாலும் எலி ஒதுக்கிவிடும். காகிதப் பொட்டலத்தில் சுமார் 15 கிராம் வீதம் கட்டி, குச்சி நட்ட வளைக்குள் ஆழமாகத் தள்ளி வாயை இலேசாக மூடுங்கள். எலி உடனே சாகாது. ரத்தம் உறையாமல் சில நாட்கள் கழித்துச் சாகும். அதனால் மற்ற எலிகளுக்குச் சந்தேகம் வருவதில்லை. 15 நாள் கழித்து மறுபடி எண்ணி, உயிருள்ள வளைகளுக்கு மட்டும் மீண்டும் வையுங்கள். செத்துக் கிடக்கும் எலிகளைப் பொறுக்கி ஆழப் புதைப்பது கட்டாயம். அதைத் தின்னும் கூகைக்கும் நாய்க்கும் அதே நஞ்சு ஏறும்.

சிங்க் பாஸ்பைடு வேகமானது, அதனாலேயே ஆபத்தானது. அதை வைப்பதற்கு முன் இரண்டு நாள் நஞ்சில்லாத உணவு வைத்துப் பழக்க வேண்டும். அரைகுறையாகத் தின்று பிழைத்த எலி அந்த உணவைப் பல நாட்கள் தொடாது. ஒரு பருவத்தில் ஒரு முறைக்கு மேல் பயன் தராது. இதற்கு மாற்று மருந்தும் கிடையாது. அனுபவமுள்ள வேளாண் அலுவலர் உடனிருந்தால் மட்டுமே என்பது என் கருத்து. வீட்டுத் தோட்டத்தில் வேண்டவே வேண்டாம்.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வளையில் போடுவது பல ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. அது அரசு அங்கீகாரம் பெற்றவர்கள் மட்டும் கையாள வேண்டிய பொருள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. இவை வீட்டுப் பரணில் இருப்பதே ஒரு குடும்பத்துக்கு ஆபத்து. கோபத்தில் ஒரு நிமிடம் தவறினால் மருத்துவராலும் காப்பாற்ற முடியாத நிலை வரும்.

எலிக்காக வயலில் மின்கம்பி கட்டுவதைப் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்து வயல்காரர், சில இடங்களில் கட்டியவரே, அதில் சிக்கி இறந்த செய்திகளை நாம் இதே நாளிதழில் படித்திருக்கிறோம். சட்டத்துக்குப் புறம்பாக மின்சாரம் எடுப்பது 2003 மின்சாரச் சட்டப்படி குற்றம். உயிர் போனால் அது தனி வழக்கு. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான் இது.

நஞ்சில்லாத வழிகளை நாம் மறந்துகொண்டிருக்கிறோம். தஞ்சாவூர் கிட்டி என்று டெல்டாவில் சொல்லப்படும் மூங்கில் வில் பொறியை, எலி நடமாடும் தடத்தில் மாலையில் வைத்தால் விடிவதற்குள் எலி மாட்டியிருக்கும். பானையில் வைக்கோல் புகை மூட்டி வளைக்குள் ஊதி எலி பிடிப்பதில் இருளர் மக்கள் தேர்ந்தவர்கள். இந்தத் திறமை உள்ளவர்களுக்குப் பிடித்த எலிக்கு இவ்வளவு என்று ஊர் சேர்ந்து கூலி கொடுத்தால், மருந்துக்குச் செலவிடுவது கூலியாக ஊருக்குள்ளேயே நிற்கும். வயலில் ஆங்காங்கே ஆங்கில 'டி' எழுத்து வடிவில் குச்சி நட்டால் இரவில் ஆந்தையும் கூகையும் வந்து அமரும். பூட்டை விடும் பருவத்தில் குச்சியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பகலில் நெல் தின்னும் பறவைகள் அதில் உட்காரும்.

தனியாகச் செய்தால் தோல்வி

ஒரு ஏக்கர்காரர் தன் வரப்பை மட்டும் சுத்தம் செய்தால், காலியான வளைக்குப் பக்கத்து வயல் எலி சில வாரங்களில் குடிவந்துவிடும். தனி வளை தேடும் உயிருக்குக் கட்டிய வீடு சும்மா கிடைத்தால் விடுமா? அவர் செலவு செய்தது அடுத்தவர் எலிக்கு இடம் ஒதுக்கிக்கொடுத்ததாக முடியும். கண்மாய்க் கரை, வாய்க்கால் கரை, கோயில் நிலம், புறம்போக்கு ஆகியவற்றில் யாரும் மருந்து வைப்பதில்லை. எலிகளின் நிரந்தரக் குடியிருப்பு அங்கேதான். கண்மாய்க் கரையில் எலி போடும் வளை, மழைக்காலத்தில் நீர்க்கசிவாகத் தொடங்கி உடைப்பில் முடியக்கூடும். அப்போது நட்டம் ஒரு வயலுக்கு அல்ல, ஆயக்கட்டு முழுமைக்கும்.

ஆந்திரத்தின் கோதாவரி பாசனப் பகுதியில், அரசு மருந்து வழங்க, ஊர் முழுக்க ஒரே நேரத்தில் புரோமோடயலோன் வைக்கும் இயக்கங்கள் நடந்திருக்கின்றன. வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகள் வலியுறுத்தியதும் இதையே: நடவை ஒட்டிய முதல் வாரங்களில், எலி பெருகுவதற்கு முன், எல்லோரும் சேர்ந்து. அங்குள்ள எலி இனம் வேறு, ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும். பக்கத்து வயல்கள் ஒரே சமயத்தில் விதைத்து ஒரே சமயத்தில் அறுத்தால் எலிக்கு உணவு கிடைக்கும் காலமும் குறையும்.

வீட்டுத் தோட்டத்துக்கு

வீட்டைச் சுற்றி மருந்தைத் தவிருங்கள். சுட்ட தேங்காய்த் துண்டோ கருவாடோ வைத்த பொறி போதும். முதல் இரண்டு நாள் பொறியைத் திறந்தே வைத்துத் தின்னப் பழக்குங்கள். மீந்த சோறு, கோழித் தீவனம், குப்பைக்குழி ஆகியவற்றை மூடி வையுங்கள். தென்னங்கன்று, மரவள்ளியைச் சுற்றிக் கம்பிவலையை அரை அடி மண்ணுக்குள் இறங்கும்படி நட்டால் பெருச்சாளி திரும்பிப் போகும். வெறுங்காலோடு சேற்றில் இறங்கிய பின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். சேற்றில் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பொட்டலத்தை எண்ண வேண்டாம்

வேளாண்மைத் துறை நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. எலி ஒழிப்பு முகாம் என்றால் எத்தனை பொட்டலம் கொடுத்தோம், எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள் என்றே நாம் அறிக்கை எழுதிப் பழகிவிட்டோம். பொட்டலம் போன கணக்கு எலி செத்த கணக்காகாது. முகாமுக்கு முன் ஊரில் எத்தனை உயிருள்ள வளைகள், 15 நாள் கழித்து எத்தனை என்ற இரண்டு எண்களை எழுதச் சொல்லுங்கள். முதல் எண்ணிக்கை 100 ஆக இருந்து அடுத்தது 80 ஆனால் முகாம் தோற்றுவிட்டது என்று தெரியும், காரணம் தேடலாம். 20 ஆனால் ஊர்க்காரர்களுக்கே நம்பிக்கை வரும், அடுத்த ஆண்டு அழைக்காமலே கூடுவார்கள்.

இதற்குப் புதிய நிதி தேவையில்லை. உழவர் உற்பத்தியாளர் குழுவும் பாசன சங்கமும் ஊராட்சியும் ஆனி மாதத்தில் ஒரு மாலையைக் குறித்தால் போதும். சந்தேகம் வந்தால் வம்பனில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, குடுமியான்மலையில் வேளாண் கல்லூரி இருக்கிறது. சேதமான செடியை வேரோடும் மண்ணோடும் எடுத்துவாருங்கள். வளையைக் கைப்பேசியில் படம் பிடிக்கும்போது அளவு தெரிய அருகில் ஒரு தீப்பெட்டியை வையுங்கள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு மருந்து வேண்டுமா, பானை போதுமா, மண்வெட்டியே போதுமா என்பதைச் சேர்ந்து முடிவு செய்யலாம்.